நட்சத்திரம் பார்க்கும் பகுத்தறிவாளர்!

தோழா!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் தெருப் படிப்பகத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞன். நம்மவன், நாள் தவறாமல் ஏடு படிப்பவன், கூட்டமென்றால் கொடி கட்டவும், கூட்டம் முடிந்தால் பாய் சுருட்டவும் முதல் ஆளாக நிற்பவன். மூன்றாண்டுகளுக்கு முன் அவனுக்குத் திருமணம் நடந்தது. சாதகம் பார்க்கவில்லை, நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. "இராகு காலத்தில்தான் மாலை மாற்றுவேன்" என்று அடம் பிடித்து, அப்படியே மாற்றியும் காட்டியவன். அந்த மேடையில் வாழ்த்திப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வீரனிடம் ஒரு நாவலை நீட்டினேன். "படித்துப் பார், தம்பி. நம்மைப் போல ஆலையில் உழைத்த ஒருவர் எழுதியது" என்றேன். வாங்கினான். அட்டையைப் பார்த்தான். அடுத்தபடியாகப் பக்கத்தைப் புரட்டுவான் என்று எண்ணினேன். புரட்டவில்லை! சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். தட்டினான், தடவினான், தேடினான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"வேண்டாம் அண்ணே. மூணு புள்ளி ரெண்டு நட்சத்திரம்தான் இருக்கு."

சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்து முடிப்பதற்குள் சிந்தனையும் வந்தது. பெண்ணுக்கு நட்சத்திரம் பார்க்காதவன் புத்தகத்துக்கு நட்சத்திரம் பார்க்கிறான்! வானத்து நட்சத்திரத்தை வாதாடி வென்றவன், கைப்பேசி நட்சத்திரத்தின் காலடியில் கைகட்டி நிற்கிறான்!

"யார் போட்ட நட்சத்திரம், தம்பி?" என்று கேட்டேன்.

"படிச்சவங்க போட்டதுதானே, அண்ணே?"

"படித்துவிட்டுத்தான் போட்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது?"

அவனிடம் பதில் இல்லை. சரி, பார்ப்போம் என்று இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். விற்பனைத் தளம் ஒன்றில் அந்த நூலுக்கு விழுந்திருந்த மொத்த ஓட்டு ஐந்து. ஒருவர் ஐந்து நட்சத்திரம், இன்னொருவரும் ஐந்து, மூன்றாமவர் நான்கு. மூவரும் நாலு வரி எழுதியிருந்தார்கள். நாலாமவர் ஒரே ஒரு நட்சத்திரம். ஒரு சொல்லும் இல்லை. ஐந்தாமவரும் ஒரே நட்சத்திரம். அவர் மட்டும் காரணம் சொல்லியிருந்தார். என்ன காரணம் தெரியுமா? "பார்சல் கிழிந்து வந்தது"!

தோழா, கேட்டாயா கதையை! முப்பது ஆண்டு தறிச் சத்தத்தில் காது மந்தமான ஒரு மனிதர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வீட்டாரின் முணுமுணுப்பையும் தாங்கி, தன் வாழ்வையே நூலாக்கி அச்சிட்டார். அதன் தலையெழுத்தைத் தீர்மானித்தது எது? பார்சலைக் கட்டிய சணல்! கூட்டிக் கழித்துப் பார். ஐந்தும் ஐந்தும் நாலும் ஒன்றும் ஒன்றும் பதினாறு. ஐந்தால் வகுத்தால் 3.2. சணலுக்கு விழுந்த ஓட்டையும், சொல்லில்லாத ஊமை ஓட்டையும் தள்ளிப் பார், நாலரைக்கு மேல்! அந்த நாலரைக்கும் மூன்றுக்கும் இடையிலே ஓர் உழைப்பாளியின் உள்ளம் நசுங்கிக் கிடக்கிறது.

இதைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேசப் போகிறேன்.

பலகை மாறியது, பழக்கம் மாறிற்றா?

நான் நட்சத்திரம் போடுவதையே எதிர்க்கிறேன் என்று எண்ணிவிடாதே. எதிர்ப்பவன் அல்லன், வரவேற்பவன்.

ஒரு காலம் இருந்தது. நூலைத் தீர்ப்பவர் யார்? அரசவையில் இருந்த புலவர். அரங்கேற்றத்தில் அமர்ந்த பண்டிதர். சங்கப்பலகை என்று ஒரு கதையும் சொன்னார்கள்: நல்ல நூலை வைத்தால் பலகை இடம் கொடுக்குமாம், கெட்ட நூலை வைத்தால் தள்ளிவிடுமாம். மரத்துக்கு இருந்த மதிப்பு மக்களுக்கு இல்லை! பிறகு அச்சு வந்தது, பத்திரிகை வந்தது. மதிப்புரை எழுதும் பேனா சில மேசைகளில் மட்டும் இருந்தது. உழவன் படித்தான், நெசவாளி படித்தான், சலூனில் ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கூடிக் கேட்டது. ஆனால் "இந்த நூல் எனக்கு இப்படிப் பட்டது" என்று அவன் சொன்னதை எவன் எழுதி வைத்தான்? எந்த ஏட்டில் அச்சாயிற்று?

இன்று அவனாலும் சொல்ல முடிகிறது. பட்டம் கேட்கமாட்டார்கள், பரிந்துரை கேட்கமாட்டார்கள். பண்டிதருக்கும் ஓர் ஓட்டு, பஞ்சாலைத் தொழிலாளிக்கும் ஓர் ஓட்டு. இது சின்ன மாறுதல் அல்ல, தோழா! வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை வந்ததற்கு ஒப்பான மாறுதல், நூல் உலகத்தில்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 1995-இல் இணையத்தில் புத்தகக் கடை திறந்தது. தொடக்கத்திலேயே, வாங்குவோர் தம் கருத்தை எழுத இடம் விட்டது. குறை சொல்லும் கருத்தையும் அப்படியே போட்டது. பதிப்பாளர் ஒருவர் கோபித்துக் கொண்டாராம்: விற்க வந்த கடைக்காரன் தன் சரக்கையே தாழ்த்தலாமா என்று. அதற்குக் கடை முதலாளி பெசோஸ் அளித்த விளக்கம் கவனிக்கத் தக்கது. விற்பதால் மட்டும் எங்களுக்குப் பணம் வரவில்லை. எதை வாங்குவது என்று வாடிக்கையாளர் முடிவு செய்ய உதவுவதால் வருகிறது என்றார். கெட்டிக்கார வாணிகர்! உன் கருத்து அவருக்குச் சரக்கு.

பிறகு 2007-இல் குட்ரீட்ஸ் என்ற தளம் வந்தது. ஓட்டிஸ் சாண்ட்லர், எலிசபெத் கூரி சாண்ட்லர் என்ற இருவர் தொடங்கியது. நண்பன் வீட்டு அலமாரியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்போம் அல்லவா? அந்தப் பழக்கத்தை இணையத்துக்குக் கொண்டு போனார்கள். படித்தது, படித்துக்கொண்டிருப்பது, படிக்க விரும்புவது என்று மூன்று அடுக்கு. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். கோடிக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இன்று உலகில் நூல்களுக்கு நடக்கும் தேர்தலில் அதுதான் பெரிய வாக்குச்சாவடி.

சராசரி என்னும் சல்லாத்துணி

ஓட்டு விழுந்தால் எண்ண வேண்டும். எண்ணுவதிலேதான் முதல் சங்கடம்.

அந்தக் குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு நட்சத்திரம் என்றால் பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டு என்றால் "பரவாயில்லை". மூன்று என்றால் "பிடித்தது". நான்கு, மிகவும் பிடித்தது. ஐந்து, வியப்பு! தளமே இப்படி விளக்கம் தருகிறது. ஆனால் ஓட்டுப் போடுகிறவன் அந்த விளக்கத்தைப் படிக்கிறானா? பள்ளிக்கூடத்து மார்க்கு நினைப்பில் போடுகிறான். "பிடித்தது" என்று மூன்று போட்டவனும், "போனால் போகட்டும்" என்று மூன்று போட்டவனும் ஒரே பெட்டியில்!

இன்னொன்றைக் கவனி. பத்துப் பேர் ஒரு நூலைப் படிக்கிறார்கள். பத்துப் பேரும் மூன்று போடுகிறார்கள். சராசரி மூன்று. வேறொரு நூல். ஐந்து பேர் நெஞ்சம் நெகிழ்ந்து ஐந்து போடுகிறார்கள். ஐந்து பேர் கோபம் கொண்டு ஒன்று போடுகிறார்கள். அதற்கும் சராசரி மூன்று! முதல் நூல் எவனையும் சுடவில்லை, எவனையும் தொடவில்லை, உப்பில்லாக் கஞ்சி. இரண்டாவது நூல் ஊரை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சீர்திருத்தம் பேசும் நூல் எதுவும் முதலில் ஊரைப் பிளக்கத்தான் செய்யும். சராசரிக்கு இந்த வேறுபாடு தெரியாது. கஞ்சிக்கும் கனலுக்கும் ஒரே விலை ஒட்டும் கடைக்காரன் அது.

எண்ணிக்கையும் முக்கியம். பத்தாயிரம் ஓட்டு வாங்கிய நூலுக்கு எதிராக ஒருவன் கெட்ட ஓட்டுப் போட்டால், கடலில் கரைத்த உப்பு. நாலே பேர் ஐந்து ஐந்தாகப் போட்ட நூலுக்கு எதிராக ஒருவன் ஒன்று போட்டால், ஐந்தில் இருந்த சராசரி 4.2-க்குச் சரிகிறது. தமிழில் வெளிவரும் பல நல்ல நூல்களுக்கு இணையத்தில் பத்து ஓட்டுக் கூட விழுவதில்லை. அங்கே ஒருவனுடைய அலட்சியம் ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கிறது.

கள்ள ஓட்டுக் கதைகள்

தேர்தல் என்று ஒன்று வந்தால் கள்ள ஓட்டும் கூடவே வரும். நமக்கா தெரியாது! சாவடி வாசலில் நின்று செத்தவர் பெயரில் ஓட்டுப் போட வந்தவனைப் பிடித்துக் கொடுத்த பரம்பரை அல்லவா நாம்!

2004-ஆம் ஆண்டு. அமேசானின் கனடா நாட்டுத் தளத்தில் ஏதோ கோளாறு. புனைபெயரில் மதிப்புரை எழுதியவர்களின் உண்மைப் பெயர் சில நாட்கள் வெளியே தெரிந்துவிட்டது. திரை விலகியது, மேடையில் நின்றவர்களைப் பார்த்தால், சில எழுத்தாளர்களே! தம் நூலுக்குத் தாமே மாலை போட்டு, தாமே கைதட்டிக் கொண்டிருந்தார்கள்.

2010. ருசிய வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற பிரிட்டிஷ் பேராசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ். அமேசானில் முகமூடிப் பெயரில் ஒருவர், அவர் நூலை வானளாவப் புகழ்ந்தும், அதே துறையில் எழுதிய மற்றவர் நூல்களை மண்ணில் போட்டு மிதித்தும் எழுதியிருந்தார். சந்தேகம் எழுந்தது. முதலில் வக்கீல் மூலம் மறுப்பு. பிறகு, எழுதியது மனைவி என்று ஒரு விளக்கம். கடைசியில், "நானேதான்" என்று ஒப்புதல், மன்னிப்பு, இழப்பீடு. பேராசிரியர் பட்டம் இருந்தது, பேரும் இருந்தது. பிறர் நூல் தன் நூலுக்குப் பக்கத்தில் நிற்பதைத் தாங்கும் நெஞ்சம்தான் இல்லை!

இது இணையம் வந்து பிறந்த நோய் என்றும் எண்ணாதே. அமெரிக்கப் பெருங்கவி வால்ட் விட்மன் 1855-இல் தன் கவிதை நூலை வெளியிட்டபோது, பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதிப் பத்திரிகைகளில் வரச் செய்தார். பெருங்கவிக்கும் அந்தச் சபலம்! வேறுபாடு என்ன? அன்று ஒருவனுக்குச் சில பத்திரிகைகள்தான் கிடைத்தன. இன்று ஒருவன் நினைத்தால் ஓர் இரவில் ஐம்பது முகமூடி மாட்டலாம்.

முகமூடி வேலைக்கு ஆள் வைத்துத் தருவதாக ஒரு வாணிபமே நடந்தது, தோழா! அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய ஒரு சேவையைப் பற்றி 2012-இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. விலைப்பட்டியலைக் கேள்: ஒரு மதிப்புரை 99 டாலர், இருபது என்றால் 499, ஐம்பது என்றால் 999. மொத்தக் கொள்முதலுக்குத் தள்ளுபடி! பொங்கலுக்குத் துணி விற்பதைப் போலப் புகழை விற்றிருக்கிறார்கள். விற்பனையில் கொடிகட்டிப் பறந்த எழுத்தாளர் ஒருவர் அப்படி முந்நூறு மதிப்புரை வாங்கினார் என்பதும் வெளிவந்தது. எழுதிக் கொடுத்த கூலி எழுத்தாளர் ஒருவர் செய்தியாளரிடம் ஒளிக்காமல் சொன்னார்: சின்ன மதிப்புரைக்குப் புத்தகத்தைப் படிக்கவே தேவைப்படவில்லை என்று. ஓட்டுக்கு நோட்டு நம் ஊரின் தனிச் சொத்து அல்ல. அது உலகச் சந்தையின் சரக்கு.

படிக்காமல் வழங்கிய தீர்ப்பு

பணத்துக்கு விழுந்த ஓட்டைப் பார்த்தோம். கோபத்துக்கு விழுந்த ஓட்டையும் பார்.

2023 சூன் மாதம். எலிசபெத் கில்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் புதிய நாவல் ஒன்றை அறிவித்தார். 'தி ஸ்னோ ஃபாரஸ்ட்' என்று பெயர். சோவியத் ஆட்சியை விட்டு விலகி, சைபீரியக் காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை. 2024 பிப்ரவரியில் வெளிவர இருந்தது. அறிவித்த சில நாட்களிலேயே குட்ரீட்ஸ் தளத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஒற்றை நட்சத்திரங்கள்! ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. ஒரு பக்கத்தையும் எவரும் பார்த்ததில்லை. ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் எழுத்தாளர் நூலை நிறுத்தி வைத்தார்.

போட்டவர்கள் யார்? உக்ரேன் நாட்டவரும் அவர்களுக்காகப் பரிந்தவர்களும். 2022 பிப்ரவரியிலிருந்து தம் மண்ணில் ருசியக் குண்டு விழ, தம் பிள்ளைகளைப் புதைத்துக் கொண்டிருந்தவர்கள். அந்த நேரத்தில் ருசிய மண்ணைக் களமாகக் கொண்ட கதையா என்று அவர்கள் நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பை நான் கேலி செய்யமாட்டேன். குண்டடி பட்டவன் அழுவதைப் பார்த்து இலக்கணம் பேசுகிறவன் மனிதன் அல்ல. "இந்த நேரத்தில் இதை வெளியிடாதே" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. கடிதம் எழுதலாம், கண்டனக் கூட்டம் போடலாம், வாங்காதே என்று வேண்டலாம். ஆனால் "படித்தேன், மோசம்" என்று பொருள்படும் முத்திரையைப் படிக்காத நூலின் மேல் குத்தலாமா? ஞாயம் ஓரிடத்தில் இருந்தது, அதற்கு எடுத்த கருவி தவறாக இருந்தது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? இன்று துயருற்றவர் எடுத்த கருவியை நாளை துயர் கொடுப்பவன் எடுப்பான். படிக்காத நூலைக் கொளுத்து என்று சொல்லும் கூட்டத்துக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு கதை. இது இன்னும் கசப்பானது. முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த ஓர் அமெரிக்கப் புது எழுத்தாளர், போலிப் பெயர்களில் பல கணக்குகளைத் திறந்து, தன்னைப் போலவே முதல் நூலோடு வந்த மற்றப் புதியவர்களுக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டார். தன் நூலுக்கு ஐந்து! அடிபட்டவர்களில் பலர் வெள்ளையரல்லாதார். தேடிக் கண்டுபிடித்தவர்கள் வாசகர்களும் சக எழுத்தாளர்களும்தான். பதிப்பகம் அவர் நூலைக் கைவிட்டது. அவரும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

வேதனை எங்கே இருக்கிறது பார். மாளிகைக்காரனை எதிர்த்துக் கல் எறியவில்லை; பக்கத்துக் குடிசைக்குத் தீ வைத்தார். ஏணியின் முதல் படியில் நிற்பவன் இரண்டாம் படியில் நிற்பவனின் காலை வாருகிறான். ஏணிக்குச் சொந்தக்காரன் மேலே நின்று வேடிக்கை பார்க்கிறான்.

சாவடி யாருக்குச் சொந்தம்?

யார் அந்த ஏணிக்குச் சொந்தக்காரன்? 2013-இல் குட்ரீட்ஸ் தளத்தையே அமேசான் விலைக்கு வாங்கிவிட்டது. நூலை விற்பவனும் அவனே. நூலுக்கு ஓட்டெடுப்பு நடத்தும் சாவடிக்குச் சொந்தக்காரனும் அவனே. வேட்பாளர் வீட்டுத் திண்ணையிலேயே வாக்குப்பெட்டியை வைத்ததைப் போல!

வாசகர்கள் இலவசமாகப் படித்து, இலவசமாக எழுதி, இலவசமாக அடுக்கி வைக்கிறார்கள். அந்த உழைப்பெல்லாம் ஒரு முதலாளியின் கிடங்கில் சேர்கிறது. கூலி இல்லாத வேலை, தோழா. அதுவும் நாம் மகிழ்ந்து செய்யும் வேலை! கள்ள ஓட்டைத் தடுக்கும் பொறுப்பு அந்தச் சொந்தக்காரனுக்கு உண்டா, இல்லையா? 2023-இல் வெடித்த கூச்சலுக்குப் பிறகு, திடீரென்று ஒரு நூலின் மேல் ஓட்டு மழை பொழிந்தால் தற்காலிகமாக நிறுத்தி வைப்போம் என்று குட்ரீட்ஸ் அறிவித்தது. கில்பர்ட்டின் நூல் போன பிறகு வந்த குடை!

அரசுகளும் விழித்துக் கொண்டன. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விரும்பியவர் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது அது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி மதிப்புரையை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய விதிமீறல். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் தடை. சட்டம் வேலி போடும், வரவேற்போம். ஆனால் பயிர் செய்ய வேண்டியவர் யார்? நாம்தான்.

ஆராய்ந்தவர் சொன்ன மூன்று செய்திகள்

பயிர் செய்பவனுக்குப் பருவம் தெரிய வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் கண்ட மூன்று உண்மைகளைச் சொல்கிறேன்.

ஒன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. இணையப் புத்தகக் கடைகள் இரண்டை ஒப்பிட்டார்கள். ஐந்து நட்சத்திரம் விற்பனையை ஏற்றுவதைவிட, ஒற்றை நட்சத்திரம் விற்பனையை இறக்கும் வேகம் அதிகம். வாங்குவோர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, எழுதியதையும் படிக்கிறார்கள் என்பதற்கும் அடையாளம் கண்டார்கள். ஆகவே உன் ஒற்றை நட்சத்திரம் ஓர் அடி; ஓங்குமுன் யோசி. உன் நாலு வரி ஒரு விளக்கு, ஏற்றாமல் போகாதே.

இரண்டு. 2010-இல் வந்த ஆய்வு. நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் கண்டித்து மதிப்புரை வந்த நூல்களின் விற்பனையை ஆராய்ந்தது. புகழ் பெற்றவர் நூல் என்றால் விற்பனை சரிந்தது. பெயர் தெரியாதவர் நூல் என்றால் 45 விழுக்காடு வரை ஏறியது! காரணம், கண்டனம் மறந்துபோனது. பெயர் நினைவில் நின்றது. எனவே ஏழை எழுத்தாளனைக் கொல்லும் நஞ்சு கண்டனம் அல்ல, கண்டுகொள்ளாமை.

மூன்று. 2014-இல் வந்தது. பரிசு பெற்ற நூல்களுக்கு, பெற்ற பிறகு, குட்ரீட்ஸ் மதிப்பெண் குறைகிறது என்று கண்டார்கள். வியப்பாக இருக்கிறதா? பரிசு வந்ததும், அந்த வகை நூலில் நாட்டமில்லாதவர்களும் பேருக்காக வாங்குகிறார்கள், ஏமாறுகிறார்கள், நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள். நூல் மாறவில்லை. படிக்க வந்த கூட்டம் மாறிற்று. ஆக, நட்சத்திரம் நூலை மட்டும் அளக்கவில்லை. நூலுக்கும் அதைப் படித்தவனுக்கும் இருந்த பொருத்தத்தையும் சேர்த்து அளக்கிறது. பொருத்தம் பார்க்க வேண்டுமானால், போட்டவன் யார், என்ன சொல்கிறான் என்று பார். எண்ணை மட்டும் பார்க்காதே.

நம் வீட்டுக் குப்பை

இதுவரை ஊரார் குற்றத்தைச் சொன்னேன். கைதட்டிக் கேட்டிருப்பாய். இனிச் சொல்வதற்குக் கைதட்டமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

நம் தலைவர் நூலா? படிக்காமலே ஐந்து. எதிர்க்கட்சிக்காரர் நூலா? படிக்காமலே ஒன்று. இப்படிக் கொடியைப் பார்த்து ஓட்டுப் போடும் தோழர்கள் நம்மில் இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்! தேர்தல் சாவடியில் கொடி பார்த்துக் குத்துவது உரிமை. அங்கே கேள்வியே "எந்தக் கட்சி" என்பதுதான். படிப்பகத்தில் கேள்வி வேறு: "இந்த நூல் எப்படி?" ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதிலை எழுதினால் பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கூட மார்க்குக் கிடையாதே!

நானும் குற்றவாளிதான். இரண்டாண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் நூல் வெளியிட்டார். "ஒரு மதிப்புரை போடுங்கள்" என்றார். நான் படித்தது முன்னுரையும் முதல் அத்தியாயமும். போட்டது ஐந்து நட்சத்திரம்! நட்பு என்று பெயர் வைத்துக் கொண்டேன். சில மாதம் கழித்து, என் சொல்லை நம்பி அந்த நூலை வாங்கிய ஓர் ஓட்டுநர் தோழர் கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, அந்தப் புத்தகம் உங்களுக்கு நிஜமாவே பிடிச்சிருந்துதா?" முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். அவருக்கு அது அரை நாள் உழைப்பு. மேடையில் மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. நண்பருக்கு நான் செய்த உதவிக்கு விலை கொடுத்தவர் அந்த ஓட்டுநர். அன்றே அந்த ஐந்தை எடுத்தேன். நூலை முழுதும் படித்தேன். மூன்று போட்டு, ஏன் மூன்று என்று எழுதினேன். நண்பர் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார், இரண்டாம் பதிப்பில் ஓர் அத்தியாயத்தைத் திருத்தியும் இருக்கிறார்.

யார் சொன்னாலும் சரி, சொன்னதின் மெய்யைப் பார் என்பதுதானே வள்ளுவர் வழி? ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னாலும் அந்த வழிதான். ஒரு பண்டிதன் சொன்னான் என்பதற்காக ஏற்காதவன், ஓராயிரம் முகமில்லாத நட்சத்திரம் சொன்னது என்பதற்காக மட்டும் ஏற்கலாமா?

என்ன செய்வது?

நட்சத்திரத்தை ஒழி என்று நான் சொல்லமாட்டேன். கள்ள ஓட்டு விழுகிறது என்பதற்காகத் தேர்தலே வேண்டாம் என்பவன் சர்வாதிகாரிக்குச் சாமரம் வீசுகிறவன். நல்ல ஓட்டைப் பெருக்குவதே கள்ள ஓட்டுக்கு மருந்து.

வாங்குமுன் எண்ணைப் பார், அத்தோடு நிற்காதே. எத்தனை பேர் போட்டது என்று பார். ஐந்தையும் ஒன்றையும் விட்டு, மூன்று போட்டவன் எழுதியதைத் தேடிப் படி; நிறையும் குறையும் சேர்ந்து அங்கேதான் இருக்கும். காரணம் சொல்லாத ஓட்டுக்குக் காது கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, நூலின் நடுவிலிருந்து இரண்டு பக்கம் படி. அந்த இரண்டு பக்கம் உன்னிடம் நேரில் பேசும் சாட்சி.

படித்த பின், நீயும் எழுது. இலக்கணம் தவறும் என்று அஞ்சாதே. "இந்த இடத்தில் என் தகப்பனார் நினைவு வந்தது, இந்த இடத்தில் தூக்கம் வந்தது" என்று எழுது, அதைவிட நேர்மையான மதிப்புரை இல்லை. பார்சல் கிழிந்திருந்தால் கடைக்காரனிடம் சண்டை போடு. எழுதியவன் தலையில் போடாதே.

அந்த இளைஞன் கதையை முடிக்கிறேன். அன்று அவன் நாவலை வாங்கிப் போனான், மனமில்லாமல்தான் போனான். பத்து நாள் கழித்து இரவு வேலை முடிந்து விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் நாவல். கண்ணில் தூக்கமில்லை.

"அண்ணே, அந்த மெஷின்ல கை போற இடம்... எங்க அப்பாவுக்கு அப்படித்தான் போச்சு. ஒரு வார்த்தை கூட மிகையில்ல. ஆனா கடைசியில இழுத்துட்டாரு, அண்ணே. அம்பது பக்கம் குறைச்சிருக்கலாம்."

"இதை அப்படியே எழுது, தம்பி" என்றேன்.

எழுதினான். ஆறு வரி. நான்கு நட்சத்திரம். "ஐந்து போட்டிருக்கலாமே, நம்ம ஆளாயிற்றே" என்று அவனைச் சோதித்துப் பார்த்தேன். "ஐம்பது பக்கம் இழுத்தாரே, அண்ணே. அது பொய்யாயிடுமே" என்றான்.

அவன் எழுதியதை எழுத்தாளரிடம் கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். காது மந்தமானவர், நான் சொன்ன வாழ்த்து எதுவும் அவருக்குச் சரியாக விழவில்லை. அந்த ஆறு வரியை மட்டும் மூன்று முறை படித்தார். பிறகு நாவலை எடுத்து, கடைசி அத்தியாயங்களில் பென்சிலால் கோடு போடத் தொடங்கினார்.

வாசகன் ஓட்டு அந்தப் பென்சிலைத் தொட வேண்டும், தோழா! சராசரி இன்று 3.2-இலிருந்து 3.33. ஏறியது கொஞ்சம்தான். இன்னும் பத்துப் பேர் படித்துவிட்டு நேர்மையாக எழுதட்டும். எண் தன் வழியில் தானே வரும். அந்தப் பத்துப் பேரில் நீ ஒருவன் என்று நம்பித்தான் இதை எழுதினேன்.